அரளி இருந்த இடம்

அக்கா,

அப்பா போய் இன்றோடு ஒரு வருஷம். காலையிலேயே மண்வெட்டியோடு மதில் ஓரம் போய், அரளியின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டேன். வேர் லேசில் விடவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாலு வருஷமாக அது துளிர்க்கும்போதெல்லாம் உனக்குப் போட்டோ அனுப்பியவள் நான். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்.

நீ அதை வெட்டிய அந்தச் சாயங்காலம் இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தரையெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. நீ அப்பாவின் கத்தரியோடு நிற்கிறாய், கையெல்லாம் பிசுபிசு என்று சாறு. குட்டி உன் இடுப்பில் அழுதுகொண்டிருந்தான். அவன் கையில் பாதி கசங்கிய ஓர் இலை இருந்ததாம், வாயில் வைப்பதற்குள் பிடுங்கிவிட்டாயாம். நான் அவனைப் பார்க்கவில்லை அக்கா. செடியைத்தான் பார்த்தேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று கத்தினேன். அப்பா எதுவும் பேசவில்லை. குனிந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். யாரோ கொளுத்திவிடலாம் என்றதற்கு, "புகையும் ஆகாது" என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இலை, பூ, குச்சி, வேர் எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம் என்று தெரிந்துதான் வைத்திருந்தார்.

ஏன் வைத்தார் என்பதையும் நீ யோசித்திருக்க வேண்டும். அந்த மதில் ஓர வெயிலில் வேறு எது நின்றது? விருட்சி வைத்தார், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. தண்ணீர் போதவில்லை என்று நாம் குடம் குடமாக ஊற்றினோம். காரணம் தண்ணீரே இல்லை. சிமென்ட் சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும், அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் விருட்சியால் எடுத்துக்கொள்ள முடியாது. இது எனக்கே இப்போதுதான் புரிந்தது. அப்பாவிடம் சொல்ல முடியவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. மூன்று நாள் மணிக்கொரு தடவை போய் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்தேன். ஏழு மணி நேரம் நேர் வெயில். ஆறு இருந்தாலே முழு வெயில் செடிகளுக்குப் போதும். பாத்தி ஒன்றரை மீட்டர் அகலம். சுவரை ஒட்டி நடாமல் அரை மீட்டர் விட்டுப் பின்வரிசையில் மூன்று செம்பருத்தி. விருட்சியை இன்னும் தள்ளி, நிறைய மட்கு போட்டு நடுவரிசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் கல்வாழை. கிழங்கு பெருகினால் பிரித்து நடலாம், உனக்கும் தரலாம். முன்னால் பென்டாஸ் பூச்செடி, ஐந்து சேர்ந்தாற்போல. ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று வைத்தால் கண்ணில் நிற்காது.

நித்தியகல்யாணியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். வெயிலுக்கு அதைவிட நல்ல செடி கிடையாது. ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்தே அதிலிருந்து எடுப்பதுதான், குழந்தை வாயில் போடக்கூடிய செடி இல்லை. குட்டிக்கு இப்போது ஆறு வயது, இலையைத் தின்ன மாட்டான். இருந்தாலும் வைக்கவில்லை. உன் பயம் எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. குழந்தைக்காக வெட்டினாய், சரி. அதன்பிறகு நீ இந்த வீட்டுக்கு எத்தனை முறை வந்தாய்? கடைசி மாதங்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். நாலு பேர் படிக்கும் இடம், உன் பக்கத்து நியாயம் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் முழுதாகத் தெரியாது.

இப்போது பார்த்தால் பாத்தி மொட்டையாகத்தான் இருக்கிறது. செம்பருத்திக்குச் செம்பருத்தி ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி, நடுவில் காய்ந்த இலை மூடாக்கு. நீ பார்த்தால் இன்னும் நாலு செடி வாங்கி நிரப்பச் சொல்வாய். வேண்டாம். செம்பருத்தி இரண்டு மீட்டர் வரை போகும், அடுத்த வருஷம் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்.

அப்பாவின் கத்தரி உன்னிடம்தான் இருக்கிறது. செம்பருத்தி புதுக்கிளையில்தான் பூக்கும், அதனால் இன்னும் சில மாதத்தில் கவாத்து செய்ய அது வேண்டும். கூரியரில் அனுப்பாதே.

உன் தங்கை