மலைக் கல்லூரியில் முதல் பருவம்: சேர்க்கையின்போதே சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே, ஜூன் மாதங்களில் எந்தக் கல்லூரியில் என்ன பாடப்பிரிவு, கட்-ஆஃப் எவ்வளவு, கலந்தாய்வு எப்போது என்று நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு நாலு வரி கிடைப்பதில்லை. நீலகிரிக்குப் படிக்க வருகிறவர்களுக்கு அந்த நாலு வரிதான் அவசரத் தேவை. முதலாமாண்டு வகுப்பு ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ ஆரம்பிக்கிறது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குவதும் அப்போதுதான். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது நினைவிருக்கலாம். பருவத் தேர்வு வரும் நவம்பரிலோ வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியைப் பிடித்துக்கொள்ளும். இங்கே முதல் பருவத்தில் பிள்ளைகள் சறுக்குவதற்குப் பாடத்தைவிட இந்த மழையும் குளிரும் தின்றுவிடும் வருகை நாட்களே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். தேர்வு எழுத 75 விழுக்காடு, அதாவது 68 நாள் வந்திருக்க வேண்டும். கையிருப்பு 22 நாள். கேட்டதும் தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் பல கல்லூரிகளில் முதல் மணி வகுப்பில் இல்லையென்றால் அரை நாள் போய்விடும். வாரம் 5 நாள் கல்லூரி என்றால் 90 நாள் என்பது 18 வாரம். வாரத்துக்கு இரண்டு முறை பேருந்து தாமதமாகி முதல் மணியை விட்டால் 36 அரை நாள். 18 நாள் காலி. காய்ச்சல், கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 4 நாள். மருத்துவச் சான்று கொடுத்துவிட்டால் விடுப்பு வருகையாக மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி மாறாது. 65 விழுக்காட்டுக்கும் 75 விழுக்காட்டுக்கும் இடையில் நிற்பவர் கட்டணம் செலுத்தி விலக்குக் கேட்கும்போது அது ஒரு துணைக் காகிதம், அவ்வளவுதான். 65க்கும் கீழே போனால் பெரும்பாலான இடங்களில் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாது.

மழை விடுமுறையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஆட்சியர் அறிவிப்பு வந்ததும் 'லீவு விட்டாச்சு' என்று போர்வைக்குள் போய்விடக் கூடாது. பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா, ஆறு வட்டங்களில் எவற்றுக்கு என்று பார்க்க வேண்டும். பந்தலூருக்கு விடுமுறை விட்டு உதகைக்கு விடாத நாளில், உதகையில் படிக்கும் பந்தலூர் மாணவருக்குக் கணக்கில் விழுவது ஆப்சென்ட்தான். அன்றைக்கு வர முடியாவிட்டால் மறுநாளே துறைத்தலைவரிடம் கடிதம் கொடுத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் போய் நின்றால் யாருக்கும் நினைவிருக்காது. விடுமுறைக்குப் பிறகு எந்த வகுப்பு என்பதிலும் குழப்பம் வரும். கல்லூரிக் கால அட்டவணை பெரும்பாலும் திங்கள், செவ்வாய் என்று ஓடுவதில்லை. 1 முதல் 6 வரை 'டே ஆர்டர்' என்று சுற்றும். நடுவில் ஒரு நாள் விடுமுறை விழுந்தால் அன்றைய ஆர்டர் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். சின்ன நோட்டு ஒன்றில் தேதி, டே ஆர்டர், வராத மணி ஆகியவற்றைக் குறித்து, மாதம் ஒருமுறை துறைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது நல்லது. ஹால் டிக்கெட் நேரத்தில் பார்த்தால் திருத்த வழியிருக்காது.

கூடலூர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உதகைக்கு 50 கி.மீ.தான். ஆனால் வழியில் ஒரு மரம் சாய்ந்தாலும் திங்கள்கிழமை முழுவதும் போய்விடும். ஊருக்குப் போனால் ஞாயிறு மதியமே திரும்பி ஏறிவிடுங்கள்.

இனி அறை. விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் வாடகைக்கு அறை பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே பல வீடுகள் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்சுவர் மண் திட்டோடு ஒட்டியிருக்கும் அறையில் ஜூலை முழுவதும் சுவர் கசியும். தரையிலிருந்து 2 அடி உயரம் வரை சுண்ணாம்பு உரிந்திருக்கிறதா, புதுப் பெயின்ட் அங்கே மட்டும் அடித்திருக்கிறதா, அலமாரியைத் திறந்தால் பூசண வாடை வருகிறதா என்று பாருங்கள். கிழக்கு அல்லது தெற்கு வெயில் விழும் ஜன்னல் இருந்தால் 200 ரூபாய் அதிகம் கொடுத்தாலும் தகும். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், தொட்டி உண்டா என்று கேளுங்கள். ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காலி செய்யச் சொல்வார்களா என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டாம் பருவத் தேர்வு அந்த நேரத்தில்தான் வரும். அசல் சான்றிதழ்களைச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், பிளாஸ்டிக் உறையிட்டுத் தகரப் பெட்டியில் வைப்பது பாதுகாப்பு. தோல் செருப்பும் பெல்ட்டும் இரண்டே வாரத்தில் பச்சை பூக்கும்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் நாலு ஜீன்ஸ் கொண்டுவருவார்கள். ஒருமுறை நனைந்தால் மூன்று நாளானாலும் காயாது. சீக்கிரம் காயும் கால்சட்டை இரண்டு, உள்ளே போட தெர்மல் ஒரு செட், ஒரு கம்பளி ஸ்வெட்டர், மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், கூடுதல் காலுறை நாலு ஜோடி இருந்தால் போதும். ஒரே கனமான கோட்டைவிட அடுக்கடுக்காகப் போடுவதே சூடு தரும். மலைக்காற்றில் குடை கவிழ்ந்துவிடும், ரெயின்கோட் வாங்குங்கள். ஸ்வெட்டரை ஊரில் வாங்காமல் உதகை தாவரவியல் பூங்கா அருகிலுள்ள திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி வாங்கலாம்.

வெந்நீருக்கு ராடு ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைச் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். 20 லிட்டர் வாளித் தண்ணீர் குளிக்கும் சூட்டுக்கு வர அரை மணி நேரமாகும். முக்கால் யூனிட் மின்சாரம் போகும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

டிசம்பரில் நீர்ப்பனி போய் உறைபனி விழ ஆரம்பித்ததும் சிலர் செய்யும் காரியம் உயிரைப் பறிக்கும்: இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது. புகை இல்லையே என்ற தைரியம். கனன்று எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு முதல் இரண்டும் தெரியாது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பது போதாது. தூங்கும் அறைக்குள் கரிச்சட்டி கூடவே கூடாது. ரப்பர் வெந்நீர்ப் பையில் முக்கால் பங்குக்கும் குறைவாக நீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தானே சமைப்பவர்களுக்கு: உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாததற்குக் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். சின்னக் குக்கர் ஒன்று வாங்குங்கள், பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள்.

அடுத்தது பணம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பணம் வராமல் போவதற்கு அநேகமாக வங்கிக் கணக்கே காரணம். ஆதார் நகலை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ ஆதாரைக் கணக்கோடு 'சீடிங்' செய்திருப்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் தர வேண்டும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் சீடிங் நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். ஓடிபி வர ஆதாரில் உள்ள கைபேசி எண் இயங்க வேண்டும். பள்ளிக் காலத்தில் திறந்து இரண்டு வருடம் தொடாத கணக்கு முடங்கியிருக்கும். 18 வயதானதும் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) புதிதாகக் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழங்குடியின மாணவர்களுக்கான சாதிச் சான்றை வழங்குவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும். கல்லூரியில் கேட்ட பிறகு விண்ணப்பித்தால் உதவித்தொகைக் கெடு போய்விடும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும்.

ராகிங் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்கெனச் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். மனம் சோர்ந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். சொந்தக் காரில் கொண்டுவந்து விடும் வெளிமாவட்டப் பெற்றோர் நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை.

கல்லூரி நிர்வாகங்களுக்கு மூன்று கோரிக்கைகள். இந்த விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, சேர்க்கை ஆணையோடு சேர்த்துக் கொடுங்கள். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே வங்கி ஊழியரை வளாகத்துக்கு அழைத்து ஆதார் சீடிங் முகாம் நடத்துங்கள். ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லயன்களிலிருந்தும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வரும் பிள்ளைகளின் முதல், கடைசிப் பேருந்து நேரத்தைச் சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டு வாங்குங்கள். சிறப்பு வகுப்பை மாலை 4 மணிக்கு மேல் வைத்தால் கடைசி இணைப்புப் பேருந்தை விட்டுவிட்டு, கரடியும் காட்டுமாடும் நடமாடும் தேயிலைத் தோட்டப் பாதையில் இருட்டில் நடக்கப்போவது அவர்கள்தான். அந்தப் பேருந்து நேரப் பட்டியலையே போக்குவரத்துக் கழகத்திடம் கொடுத்துக் காலைப் பேருந்தைக் கால் மணி நேரம் முன்னால் விடச் சொல்லவும் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
உதகமண்டலம்.