உன் கண் படத்தை அனுப்பு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். நேற்று போனில் நீ சொன்னதையே ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கம்பெனி மெடிக்கலில் சுகர் இருக்கிறது என்று வந்ததாம், மூன்று மாதச் சராசரி 8.1 ஆம், பிரஷர் 152 ஆம். கண்ணையும் பார்த்துவிடு என்றேன். "கண்ணு நல்லாத்தானேம்மா தெரியுது" என்று சிரித்தாய். போனில் பேசினால் நீ அவசரத்தில் இருப்பாய், எனக்கும் அழுகை வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை நேரம் என்று பாதியை உன்னிடம் மறைத்துவிட்டோம். மண்டியில் பேரேடு எழுதுகிறவர், ஒருநாள் ராத்திரி அதை என்னிடம் நீட்டி, "இந்த வருஷ நோட்டு சரியில்லை, ரூபாய்க் கோடு நடுவுல வளைஞ்சிருக்கு பாரு" என்றார். பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கினால் நேர்கோடு வளைந்து தெரியும். முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற எத்தனையோ சுகர்காரர்களிடம் கண் ஓ.பி.க்குப் போய்விட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்த உன் அப்பாவை ஒரு தடவைகூட அனுப்பவில்லை. அந்தப் பேரேடு இன்னும் பீரோவில் இருக்கிறது.

அடுத்த மாதமே வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. "கண்ணுக்குள்ள மை கொட்டின மாதிரி இருக்கு" என்றார். அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் முதலில் கசியும், அப்புறம் அடைபடும். ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கவைக்கும். அவை பலமில்லாதவை, உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும். இவ்வளவு நடந்தும் பெரும்பாலும் வலி இருக்காது. நடுப்பகுதி தப்பியிருக்கிறவரை எழுத்தும் தெளிவாகவே தெரியும். நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே தம்பி. பிரிட்டனில் புதிதாகச் சுகர் கண்டுபிடித்தவர்களைப் பரிசோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் அன்றைக்கே விழித்திரையில் மாற்றம் இருந்தது.

இடது கண்ணுக்கு லேசர் போட்டார்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்க அடிக்க, அப்பா என் கட்டைவிரலைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. இந்த வைத்தியம் பிறந்த கதையை வார்டில் ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1945இல் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவரைக் கண்டதிலிருந்து, கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத் என்ற ஜெர்மன் டாக்டருக்கு ஒளியையே மருந்தாக்கலாமே என்று தோன்றியதாம். முதலில் சூரிய ஒளியைத்தான் கண்ணாடிகளால் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் விட்டிருக்கிறார்.

அதைவிட என் மனசில் நிற்பது 1970களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு. சுகரால் கண் கெட்டிருந்த 1,700க்கும் மேற்பட்டவர்கள், ஒரு கண்ணுக்கு ஒளி வைத்தியம் செய்துகொண்டு மறு கண்ணை அப்படியே விட்டுவைக்கச் சம்மதித்தார்கள். வைத்தியம் செய்த கண்களில் பார்வை அடியோடு போவது பாதிக்கும் கீழே குறைந்தது 1976இல் உறுதியானது. உடனே, விட்டுவைத்த கண்களிலும் தேவைப்பட்டவற்றுக்குச் செய்யலாம் என்று விதியை மாற்றினார்கள். அதற்குள் சிலருக்கு அந்தக் கண் போயிருந்தது. அவர்கள் கொடுத்த கண்ணால்தான் உன் அப்பாவுக்கு இடது கண் மிஞ்சியது. விளக்கேற்றும்போது அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, பிரஷருக்கு வருகிறேன். நீ போனில் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வயதானவருக்கு 160 இருந்தால், வயசுக்கு இது சகஜம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது வருஷம் நடந்த பெரிய சுகர் ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. சுகரோடு பிரஷரும் இருந்த 1,148 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் பிரஷரைக் கறாராக இறக்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சராசரி 144, மற்றவர்களுக்கு 154. பத்தே பத்துதான் வித்தியாசம். அதற்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. கண் டாக்டரின் எழுத்துப் பலகையில் மூன்று வரி இழக்கும் அளவுக்குப் பார்வை மங்குவது 47 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கும் மூளைக்கும் ஒரே காவல்தான்.

இதெல்லாம் தெரிந்தும் அப்பாவைப் பக்கவாதத்திலிருந்து காக்க முடியவில்லையே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. பிரஷர் 130இல் நிற்கிறது, இனி எதற்கு மாத்திரை என்று எனக்குத் தெரியாமல் இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தார். காலை ஆறு மணிக்குச் சவரம் செய்யும்போது ரேசர் கையிலிருந்து நழுவியிருக்கிறது. கை மரத்துப்போயிருக்கு என்று நினைத்துப் படுத்துவிட்டார். நான் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்தேன். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது, வாய் கோணியிருந்தது. மூளையின் குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆட்டோ பிடிக்கும்போதே அந்த நேரம் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அந்த பிரிட்டன் ஆய்வில் இருந்தவர்களை இன்னும் பத்து வருஷம் பின்தொடர்ந்து 2008இல் ஒன்று சொன்னார்கள். சுகரை ஆரம்பத்திலேயே கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, பின்னால் எல்லாருடைய சுகரும் ஒரே அளவுக்கு வந்துவிட்ட பிறகும், அந்த நன்மை கூடவே வந்தது. பிரஷர் அப்படி இல்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் பலனும் போய்விட்டது. உனக்கு இது முதல் வருஷம். சுகரில் இப்போது நீ எடுக்கிற சிரமம் உன் ஐம்பது வயதிலும் உன்னோடு இருக்கும். பிரஷர் மாத்திரையை டாக்டர் எழுதினால் தினமும் போடு, அளவு நன்றாக இருக்கிறதே என்று நீயாக நிறுத்தாதே.

இன்னொன்று. சோற்றை அடியோடு விட்டுவிட்டேன் என்றாய். சுகர் மடமடவென்று இறங்கும்போது, ஏற்கெனவே கெட்டிருக்கும் விழித்திரை சிலருக்கு முதலில் இன்னும் கொஞ்சம் மோசமாகும். அதனால்தான் கண்ணை முதலில் பார் என்று நச்சரிக்கிறேன். மெதுவாக, டாக்டர் சொல்கிற வேகத்தில் இறக்கு.

மஸ்கட்டில் விழித்திரையைப் படம் எடுக்கிற கேமரா இருக்கிற கண் மருத்துவமனை எது என்று உன் கம்பெனி டாக்டரிடம் கேள். சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கூசும், மங்கலாக இருக்கும். நீ கார் ஓட்டிக்கொண்டு போகாதே, ரூமில் இருக்கிற யாரையாவது கூட்டிக்கொண்டு போ, கூலிங் கிளாஸ் எடுத்துக்கொள். எடுத்த படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் இதை எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அப்பா, இரண்டு தடவை திக்கி, "எனக்கும் காட்டு" என்கிறார். போனை இடது பக்கமாகப் பிடித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
அம்மா