வேலூர் கால்பந்து கிளப்புகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும்: நம் ஆட்டத்தை எழுதி வைப்போம்

கிளப் செயலாளர்கள், பயிற்சியாளர்கள், பள்ளிகளின் பி.டி. ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் காட்பாடிக்காரன். இரண்டு வருடமாக, வேலை முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து கால்பந்துத் தரவுகளை அலசக் கற்றுக்கொண்டு வருகிறேன். ஸ்டேட்ஸ்பாம்ப் என்ற நிறுவனம் தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் தருகிறது. மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக ஸ்பெயினின் லா லிகா லீக்கில் ஆடிய ஆட்டங்கள் அதில் இருக்கின்றன. எங்கிருந்து அடித்தார், எந்தக் காலால் அடித்தார், அப்போது கீப்பர் எங்கே நின்றார் என்பது வரைக்கும் உண்டு. ஒரு ஆட்டத்துக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். பைத்தான் என்ற கணினி நிரல் மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், அதை வரைபடமாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆனால் போன ஞாயிறு நம் ஊர் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் எந்தப் பையன் எத்தனை ஷாட் அடித்தான் என்று என்னால் சொல்ல முடியாது. யாருமே எழுதி வைக்கவில்லை. இதற்காகத்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன் 14 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கான ஒரு தேர்வுக்கு என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபது நிமிடம் ஆடவிட்டார்கள். கிடைத்த பந்தை அவன் ஒருமுறைகூட வீணாக விடவில்லை. "உயரம் போதாது" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அந்த வருடம் முழுக்க எப்படி ஆடினான் என்று காட்ட எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

நம் ஊரின் பளுதூக்குதலைப் பாருங்கள். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரண்டு முறைகளில் 149 கிலோவும் 179 கிலோவும் தூக்கி, மொத்தம் 328 கிலோவுடன் தங்கம் வாங்கினார். ஒரு பையன் இத்தனை கிலோ தூக்கினான் என்றால் அதை யாரும் மறுக்க முடியாது. கால்பந்தில் அப்படி ஒரு தராசு இல்லை. அதனால்தான் உயரமும் சிபாரிசும் உள்ளே நுழைகின்றன.

தராசு செய்ய பெரிய கருவி எதுவும் வேண்டாம். 1950 மார்ச்சில் சார்லஸ் ரீப் என்ற விமானப் படை அதிகாரி இங்கிலாந்தின் ஸ்விண்டன் மைதானத்தில், ஒரு ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பென்சிலும் நோட்டும் எடுத்து ஒவ்வொரு நகர்வையும் குறிக்க ஆரம்பித்தார். அது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அவர் எண்ணியது சரி, எடுத்த முடிவில்தான் பிசகு. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன, எனவே நீளமாக அடித்து ஆடுங்கள் என்றார். ஆட்டத்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முடிந்துபோகின்றன என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இங்கிலாந்துப் பயிற்சியாளர்கள் சிலர் பல காலம் அதை நம்பினார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, ஆட்டம் தெரிந்த உங்கள் கண்ணும் கூடவே வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். கணினி படித்த பிள்ளைகள் உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. உங்களிடம் கற்றுக்கொள்ளத்தான் வருகிறோம்.

குறிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாளில் மைதானத்தை வரைந்து, ஷாட் அடித்த இடத்தில் ஜெர்சி எண்ணைக் குறிக்க வேண்டும். கோல் என்றால் வட்டம் போட்டால் போதும். பெனால்டி பத்தில் ஏழெட்டு உள்ளே போகும்; பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடிப்பது நூறில் நாலைந்து போனாலே பெரிது. அதனால் ஷாட் எங்கிருந்து என்று தெரிந்தாலே, கோல் போடாத பையன்கூட நல்ல இடத்துக்கு ஓயாமல் போய்ச் சேர்கிறானா என்று கண்டுபிடித்துவிடலாம். அப்புறம், எத்தனை நிமிடம் ஆடினான் என்பதும் கட்டாயம் வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் இறங்கியவனையும் முழு ஆட்டம் ஆடியவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பிறந்த மாதத்தையும் எழுத வேண்டும். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வயதைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1 என்றால், ஒரே வருடத்துப் பையன்களில், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். 13 வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். பல நாடுகளின் இளையோர் அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. என் தம்பி பிறந்தது நவம்பரில்.

பெண்கள் ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன் பட்டத்தை வென்றது தமிழ்நாடு. அடுத்த அணிக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒரு பெயர் போக வேண்டுமென்றால், முதலில் அந்தப் பெயர் ஒரு தாளில் இருக்க வேண்டும்.

எழுதும் வேலை எங்களுடையது. என்னோடு மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, ஆட்டத்துக்கு முன்னால் ஜெர்சி எண், பிறந்த மாதத்தோடு வீரர்கள் பட்டியலைத் தருவது, எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார இடம் விடுவது, ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் எங்கள் தாளைப் பார்த்துத் தப்பைத் திருத்துவது. பிள்ளைகளின் விவரம் அவர்கள் வீட்டாரின் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது.

எந்த ஞாயிறு, எந்த மைதானம் என்று மட்டும் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு நோட்டோடு வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்