பார உலோகச் சோதனை: பிழை குழாயிலேயே தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

சுன்னாகம் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் வெளிவந்த நாளிலிருந்து, உடம்பில் ஈயம், ஆசனிக்கு, இரசம், கட்மியம் போன்ற பார உலோகம் ஏறியிருக்குமோ என்ற பயம் குடாநாட்டை விட்டுப் போகவில்லை. குருதியும் சிறுநீரும் கொடுத்துப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் இங்கே தேடப்படுவது ஒரு லீற்றரில் சில மைக்கிரோகிராம். ஊசி, குழாய், மூடி, கையுறைத் தூள், நோயாளியின் விரல் எதிலிருந்தும் அந்த அளவு உலோகம் மாதிரிக்குள் சேர்ந்துவிடலாம். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

ஈயத்தையே எடுத்துக்கொள்வோம். குருதியிலுள்ள ஈயத்தில் ஏறக்குறைய 99 வீதம் செங்குழியங்களோடு நிற்கிறது. குருதியை உறையவிட்டு, மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரித்து அனுப்பினால், பார்க்க வேண்டிய ஈயம் கட்டியோடு போய்விடும். முழுக் குருதிதான் தேவை. அதுவும் சுவட்டு மூலகங்களுக்கென்றே (மிகச் சிறு அளவில் இருக்கும் உலோகங்களுக்கென்றே) சோதித்து வரும், குருதி உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ இட்ட கடும்நீல மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். எடுத்த உடனேயே எட்டுப் பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சிறு கட்டி விழுந்தாலும் செங்குழியங்கள் ஒரு பக்கம் சேர்ந்து, அளவு கூடவோ குறையவோ வரும். குழாயை 4 பாகையில் குளிராக வைத்து அனுப்பலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

சிறுபிள்ளைகளுக்கு விரலில் குத்தி எடுப்பது இலகு. ஆனால் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் வீட்டிலும், பழைய பற்றரி உடைக்கும் கொட்டிலுக்குப் பக்கத்திலும் வளரும் பிள்ளையின் விரலில் ஈயத்தூசி ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது போகாது. சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் கழுவி, புதுக் கடதாசித் துவாயால் ஒற்றி, அதன் பின் வேறெதையும் தொடவிடாமல் குத்த வேண்டும். அளவு கூடி வந்தால் கைநாளத்தில் எடுத்து உறுதிப்படுத்தாமல் தாயைப் பயப்படுத்தக் கூடாது. இதற்கு மறுபுறமும் உண்டு. குருதி ஈயத்தை அளக்கும் லெட்கெயார் என்ற சிறு கருவிகளில் நாளக் குருதியை இட்டால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் என்பதும் லீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் என்பதும் ஒன்றே. ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குங்கள் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த எல்லை அது. பிள்ளைகளுக்கு உலோகத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பது டெசிலீற்றருக்கு 45 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால்தான். ‘50’ என்ற இலக்கத்தை மட்டும் கண்டு மருந்து கேட்பது ஆபத்து.

இன்னொன்று, குருதி ஈயத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு மாதம். எலும்புக்குள் போனது பல்லாண்டு கிடக்கும். இன்றைய குருதி அளவு அண்மைய மாதங்களைத்தான் பெரும்பாலும் காட்டும். பல வருடங்களுக்கு முன் குடித்த கிணற்று நீரைப் பற்றி அது சாட்சி சொல்லாது.

ஆசனிக்குக்குச் சிறுநீர்தான் ஏற்றது. குருதியிலிருந்து அது சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். எங்கள் சாப்பாடு இந்தச் சோதனையைக் குழப்புவதுபோல் வேறெதையும் குழப்பாது. முதல் நாள் நண்டும் இறாலும் கணவாயும் போட்ட ஒடியற்கூழ் குடித்தவரின் மொத்த ஆசனிக்கு பல மடங்கு ஏறி நிற்கும். அதில் பெரும்பகுதி ஆசனோபீற்றெயின் என்ற, கடலுணவில் உள்ள ஆசனிக்கு வடிவம். தீங்கில்லாமல் அப்படியே வெளியேறும். ஆகவே ஐந்து நாள் கடலுணவை நிறுத்திவிட்டுச் சிறுநீர் கொடுக்க வேண்டும். நஞ்சான கனிம வடிவத்தையும் உடம்பு அதை மாற்றி வெளியேற்றும் மெதைல் வடிவங்களையும் வேறாகப் பிரித்துத் தரும் சோதனையையே கேட்க வேண்டும். பிரித்துப் பார்க்கும்போதும் இந்த விரதம் தேவை. மட்டியிலும் கடற்பாசியிலும் உள்ள ஆசனிக்குச் சீனிகள் உடம்பில் இருமெதைல் வடிவமாக மாறி, கனிம ஆசனிக்கு உட்கொண்டதுபோலக் காட்டும்.

கருவியும் ஏமாறும். அணுக்களைத் திணிவால் பிரித்து உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில், அதில் ஓடும் ஆர்கன் வாயுவும் சிறுநீர் உப்பின் குளோரினும் சேர்ந்து 75 என்ற திணிவில் ஆசனிக்குப் போலவே தெரியும். ஈலியம் வாயு அறை கொண்டு அதை நீக்க வேண்டும். கட்மியத்துக்கு மொலிப்டினம் ஒட்சைட்டு இடைஞ்சல். பருப்பும் பயறும் தின்னும் எங்கள் சிறுநீரில் மொலிப்டினத்துக்குக் குறைவில்லை. இவற்றை எப்படித் திருத்தினீர்கள் என்று ஆய்வுகூடத்திடம் வைத்தியர் கேட்பது நியாயமான கேள்வி.

இரசத்தில், வந்த வழியைப் பொறுத்து மாதிரி மாறும். சுறா, சூரை போன்ற பெரிய மீன் வழியாக வரும் மெதைல் இரசம் குருதியில் தெரியும். சிறுநீரில் அதிகம் தெரியாது. ஆவியாகவோ இலிங்கம் என்ற இரசக் கனிமம் சேர்ந்த மருந்தாகவோ உள்ளே போனதற்குச் சிறுநீர். கட்மியத்திலும் குருதி அண்மையதைச் சொல்லும், சிறுநீர் சிறுநீரகத்தில் சேர்ந்ததைச் சொல்லும். நகையை ஒட்டக் கட்மியப் பொடி வைத்து ஊதும் பொற்கொல்லர் இரண்டையும் கொடுப்பது நல்லது. புகைப்பவர் அதையும் சொல்ல வேண்டும், சுருட்டிலும் சிகரெட்டிலும் கட்மியம் உண்டு.

சிறுநீர்ப் போத்தலுக்கு வண்ண மூடியும் றப்பர் அடைப்பும் வேண்டாம். 10 வீத நைத்திரிக்கமிலத்தில் ஊறவைத்துத் தூய நீரால் அலசிய பொலிப்புரொப்பிலீன் போத்தல் போதும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போத்தலில் தூய நீரை ஒரு நாள் விட்டு, அதையும் மாதிரிபோல் அளந்தால் போத்தலின் குற்றம் தெரிந்துவிடும். வேலை உடுப்போடு பட்டறையில் வைத்துச் சிறுநீர் எடுக்கக் கூடாது. குளித்து உடுப்பு மாற்றிய பின் எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் சிறுநீர் தடித்துவிடும் என்பதால் சிறுநீரின் அடர்த்தியைக் காட்டும் கழிவுப்பொருளான கிரியற்றினினும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது லீற்றருக்கு 0.3 கிராமுக்குக் கீழோ 3 கிராமுக்கு மேலோ இருந்தால் மாதிரியைத் திரும்ப எடுப்பதே முறை.

முதலில் ஒரு மாத்திரை தந்து, அது இழுத்துக்கொண்டு வரும் உலோகத்தைச் சிறுநீரில் அளந்து ‘நஞ்சேறியுள்ளது’ என்று சொல்லும் சோதனைக்கு யாரும் உடன்பட வேண்டாம். அந்த மாத்திரை கொடுத்தால் நலமான உடம்பிலும் அளவு ஏறும். அதை மாத்திரை போடாதவர்களின் எல்லையோடு ஒப்பிடுவது அடிப்படையிலேயே பிழை. அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இதை ஏற்பதில்லை.

குடாநாட்டு வைத்தியசாலைகளில் கடும்நீல மூடிக் குழாய்களைத் தனியாக வைத்திருக்கவும், எந்தக் குழாய், எந்த அலகு, மீன் சாப்பிட்டு எத்தனை நாள், என்ன தொழில் என்ற நான்கையும் கோரிக்கைப் படிவத்தில் எழுதவும் சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் சிலர்,
யாழ்ப்பாணம்.