காசு பொறுக்கும் மாடுபிடி வீரன்

சென்ற மாதம் மதுரையில் ஒரு கல்லூரியில் நடந்த கேம் உருவாக்கும் போட்டியின் நடுவர்களுக்கு வணக்கம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. செல்லூரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் இதே கடையில் நாலு டிவி, நாலு கேம் பெட்டி போட்டு, மணிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். போட்டிக்கு நான் வந்தது என் அக்கா மகனுக்காக. அவன் அணி தோற்றுவிட்டது. அந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் செய்தது சுமாரான கேம்தான், அதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

என்னை எழுத வைத்தது முதல் பரிசு வாங்கிய ஜல்லிக்கட்டு கேம். படம் அருமை, ஒத்துக்கொள்கிறேன். மாட்டின் கழுத்து மணிகூட மின்னியது. ஆனால் விளையாட்டு என்ன? மூன்று தடம். ஒருவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். விரலை இடது பக்கம் இழுத்தால் இடது தடம், மேலே இழுத்தால் தாவல், வழியெல்லாம் தங்கக் காசு. பின்னால் மாடு துரத்துகிறது. 2012-இல் வந்த, போலீஸ்காரர் துரத்த ஓடுகிற சப்வே சர்ஃபர்ஸ் கேமை ஆடிய எந்தப் பையனும் சொல்லிவிடுவான்: போலீஸ்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டை நிறுத்தியிருக்கிறார்கள். இதற்கு நீங்கள் மேடையில் சொன்ன வார்த்தை, 'மண்ணின் புதுமை'.

அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ ஒரு பொங்கலுக்காவது போய் நின்றவருக்குத் தெரியும், அங்கே ஓடுவது மாடு. பிடிக்கிறவன் வாடிவாசல் பக்கத்தில் காத்து நிற்கிறான். திமிலைத்தான் பிடிக்கலாம். வாலையோ கொம்பையோ பிடித்தால் ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரு மாட்டில் ஒருவர்தான் தொங்கலாம். மூன்று துள்ளலுக்கோ எல்லைக்கோடு வரைக்குமோ விடாமல் இருந்தால் பரிசு, இல்லையென்றால் பரிசு மாட்டுக்காரருக்கு. இதில் எந்த இடத்தில் ஐயா காசு பொறுக்குகிறார்கள்?

அதிலும் 'நின்னு விளையாடுற மாடு' என்று ஒன்று உண்டு. வாசலை விட்டு வந்ததும் ஓடாது. மண்ணைக் கிளறிக்கொண்டு, சுற்றிச் சுற்றித் திரும்பி, கிட்டே வர யாருக்குத் தைரியம் என்று பார்க்கும். கூட்டமே மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும், மைக்கில் பேசுகிறவர் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். யாரும் அசையாத அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதை ஒருவர் கேமாகச் செய்திருந்தால் நானே கடையை மூடிவிட்டு வந்து மாலை போட்டிருப்பேன். அசையாமல் நிற்பதே ஆட்டம் என்று வைத்த கேம்கள் எத்தனை இருக்கின்றன?

சரி, தோற்ற கேம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று பெண்பிள்ளைகள் செய்தது. உங்களுக்கு நினைவிருக்குமோ என்னமோ, அதற்கு நாலு நிமிஷம்தான் கொடுத்தீர்கள். திரையில் வெறும் வட்டங்கள். சித்திரைத் திருவிழா, அழகர் ஆற்றில் இறங்கும் நாள். ஒரு வட்டம் அப்பா, அதன் தோளில் சின்ன வட்டம் பிள்ளை. மற்ற நூற்றுக்கணக்கான வட்டங்கள் கூட்டம். விசேஷம் என்னவென்றால், நடப்பதற்குப் பொத்தானே இல்லை. கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: காலை ஊன்றி நிற்பது, அல்லது விட்டுக்கொடுத்து மிதப்பது. ரொம்ப நேரம் ஊன்றினால் பிள்ளை தோளிலிருந்து நழுவும். தல்லாகுளத்தில் அந்த நெரிசலில் ஒரு தடவை மாட்டியவனுக்கு இதை விளக்கவே வேண்டாம், கையில் எடுத்ததும் புரிந்துவிடும்.

அதற்கு உங்களில் ஒருவர் சொன்னது: 'கிராபிக்ஸே இல்லையேம்மா.'

ஐயா, 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸ் செய்தபோது அவர் கையில் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கம்ப்யூட்டருக்குப் படம் வரையவே தெரியாது. கட்டங்களுக்குப் பதிலாக அடைப்புக்குறிகளை வைத்துத்தான் ஓட்டினார். அந்த எண்ணமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஐந்து சதுரங்கள் ஒட்டிய 12 வடிவங்களைப் பெட்டிக்குள் அடுக்குகிற பழைய புதிர் ஒன்று உண்டு. அவர் ஐந்தை நாலாக்கினார், வடிவங்கள் ஏழாயின. மேலிருந்து விழவிட்டார். திரை சீக்கிரம் நிரம்பிவிட்டது. நிரம்பிய வரிசை மறையட்டும் என்று வைத்தார். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளின் வட்டத்துக்கு இரண்டு மார்க் போட்டீர்களே, பஜித்னோவின் அடைப்புக்குறிக்கு எத்தனை போட்டிருப்பீர்கள்?

இன்னொன்றும் நடந்தது. கூட்டம் அதிகமானதும் அந்தப் பிள்ளைகளின் லேப்டாப் திணறி, வட்டங்களெல்லாம் ஊர ஆரம்பித்தன. 'சாரி சார், பக்' என்றார்கள், அதாவது கோடிங்கில் பிழை. நீங்களும் குறித்துக்கொண்டீர்கள். எனக்கு என்னவோ அந்த இடம்தான் நிஜத் திருவிழா மாதிரி இருந்தது. 1978-இல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தபோது, எதிரிகள் சாகச் சாகக் கம்ப்யூட்டருக்கு வரைகிற வேலை குறைந்து, மிச்சம் இருந்தவை வேகமாக நகர்ந்தன. அவர் அதைத் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார். முடிவு நெருங்க நெருங்க வேகம் கூடுகிற அந்தப் படபடப்பு அப்படிக் கிடைத்ததுதான்.

காப்பியடிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பச்சைப் பொய். என் கடையில் இருந்த பெட்டிகளே ஜப்பானில் 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். மேலே '9999 இன் 1' என்று ஒட்டிய கேசட் வாங்குவேன். உள்ளே பத்து கேம்கூட இருக்காது. அதே டாங்கி சண்டை மூன்றாவது லெவலில் தொடங்கும், அதற்கு ஒரு எண். அதே ஆள் சட்டை நிறம் மாறி வருவான், அதற்கு இன்னொரு எண். பையன்கள் இருநூறாவது எண் வரை போய்விட்டு, 'அண்ணே, எல்லாம் ஒண்ணுதாண்ணே' என்று வந்து நிற்பார்கள். பத்து வயதுப் பையனுக்கு அது தெரிந்தது.

பழசிலிருந்து எடுத்து ஒரு விதியை மாற்றினால் அது வேறு கதை. 2014 பிப்ரவரியில் த்ரீஸ் என்ற எண் புதிர் வந்தது. செய்தவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டார்கள். அடுத்த மாதமே அதன் வழியில் 2048 வந்தது, 19 வயதுப் பையன் ஒருவன் ஒரு வார இறுதியில் செய்தது. உலகமே 2048 ஆடியது. த்ரீஸ் செய்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும், நியாயம்தான். ஆனாலும் இரண்டையும் ஆடிப் பாருங்கள். த்ரீஸில் கட்டை ஒரு கட்டம் நகரும், 2048-இல் சுவர் வரை வழுக்கும். கை உணர்வது வேறு. ஜல்லிக்கட்டு கேமில் இந்த அளவு மாற்றமும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

பல்லாங்குழியைத் திரையில் போடுங்கள் என்றும் கேட்கவில்லை. அதையும் நாலைந்து பேர் கொண்டுவந்திருந்தார்கள், புளியங்கொட்டை கையில் உருளாத பல்லாங்குழியில் என்ன ருசி? ஆடுபுலி ஆட்டத்திலிருந்து எடுப்பதானால், 15 ஆடும் 3 புலியும் வேறு வேறு விதியில் ஆடுகின்றனவே, அந்தச் சூட்சுமத்தை எடுக்கலாம். டொரோண்டோவில் 2023-இல் 'வெண்பா' என்று ஒரு கேம் செய்தார்கள். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு கிழிந்து, அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். அங்கே தமிழ் சட்டையில் இல்லை, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேம் விருதும் வாங்கியது.

மேடையில் காட்டிய உங்கள் மார்க் தாளில் கிராபிக்ஸ் 40, கோடிங் 30, பண்பாடு 20, புதுமை 10. அடுத்த வருஷம் இதை மாற்ற முடியுமா? குறைந்தபட்சம் அணிகள் காட்டும் பிபிடி ஸ்லைடுகளைப் பார்ப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம் நீங்களே ஆடிவிடுங்கள். ஒவ்வொரு அணியிடமும், 'எந்த கேமிலிருந்து எடுத்தீர்கள், எதை மாற்றினீர்கள்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வெட்கப்படாமல் எழுதட்டும். படம் வரைய ஆள் இல்லாத அணி பேப்பரில் கட்டம் போட்டுக் கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் கேட்டு என் போனில் அந்த கேமை ஏற்றி வைத்திருக்கிறேன். போன வாரம் டிஸ்ப்ளே மாற்ற வந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம், வேலை முடியும்வரை ஆடச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று தடவை பிள்ளையைத் தொலைத்துவிட்டார். டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்த பிறகும் என் போனைத் திருப்பித் தரவில்லை, 'இருங்கண்ணே, ஆத்தங்கரை வந்துட்டேன்' என்றார். செல்லூர் பக்கம் வந்தால் நீங்களும் கடைக்கு வாருங்கள், டீ சொல்கிறேன்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒரு மொபைல் ரிப்பேர்காரன்