பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு

அன்பான சபையாருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஊர் மக்களுக்கும்,

காணாமல்போன என் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். இதை எழுதும்போது உள்ளே தங்கையோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். அந்தச் சத்தம் காதில் விழ விழத்தான் எழுதுகிறேன். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ராத்திரிகளைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, அவனுக்கும் அது நல்லதில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு இன்னும் படபடக்கிறது. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லாமல் கூடவே அலைந்த போதகர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும், மோட்டாரை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுப் பாதையெல்லாம் தேடிய வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும், வேனைக் கொடுத்துவிட்டு எண்ணெய்க் காசுகூட வாங்காத வொர்க்‌ஷாப் முதலாளி தவுக்கேவுக்கும், “சபார், கக்” (பொறுமையாக இருங்கள், அக்கா) என்று சொல்லித் தன் காசில் பாலில்லாத தே ஓ வாங்கிக் கொடுத்த போலீஸ் நிலையத்து சார்ஜனுக்கும், அவன் படத்தை ஒவ்வொரு வாட்ஸப் குழுவிலும் போட்ட முகம் தெரியாத எத்தனையோ பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா என் மகளைத் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்துச் சோறு ஊட்டினார். மாரியம்மன் கோவிலில் என் மகன் பேருக்கு அர்ச்சனை செய்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். தயக்கமே வேண்டாம் அக்கா. பெற்ற வயிறு எரியும்போது நீங்கள் என்னோடு நின்றீர்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே சாவித் தாத்தாவைப் பற்றிச் சொல்வதற்குத்தான்.

சபைப் பிள்ளைகள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் சபைக் கோவில் சாவிக்கொத்து எந்நேரமும் இடுப்பில் தொங்கும். மணி அடிப்பார், பாய் விரிப்பார், பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுவார். ஜெபக்கூட்டத்தில் வாய் திறந்து ஜெபிக்கச் சொன்னால் கூச்சப்பட்டுப் பின்வரிசைக்குப் போய்விடுவார். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை.

மகன் வந்த புதிதில் யாரோடும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் வந்தார்கள். தலையில் கைவைத்து ஜெபித்தார்கள், புத்தி சொன்னார்கள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருப்பான். வலது கையை மட்டும் சட்டைக்குள் இழுத்துக்கொள்வான். மணிக்கட்டில் ஓர் எண் எழுதியிருந்தது. எந்த எண் என்று இங்கே சொல்லமாட்டேன். 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதம் என்று அறிவித்துப் பட்டியல் போட்டதே, அதில் பலவற்றுக்கு எண்தான் பெயர். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த எண்களுக்குப் பின்னால் போனார்கள் என்பது தோட்டத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் தாத்தா கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“தம்பி, கோவில் பேரேட்டைக் கரையான் அரிக்குது. புது நோட்டுல எழுதி வைக்கணும். என் கண்ணுக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது. நீ வாசிச்சு வாசிச்சு எழுது, நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன். வா லா.”

என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பிள்ளை பசியாறிட்டானா?”

அவன் எழுந்து போனான். ஏன் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனிடம் யாரும் அதுவரை ஓர் உதவி கேட்டிருக்கவில்லை, ஒருவேளை அதனால் இருக்கலாம். நானும் பின்னாலேயே போய்க் கோவிலுக்குள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பின்னறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து அவன் வாசிக்கும் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த ஞானஸ்நானப் பேரேட்டை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கெட்டி அட்டை, முதுகில் துணி ஒட்டியது. தாளெல்லாம் பழுத்து, ஓரம் உதிர்கிறது. தோட்டத்துச் சிற்றாலயத்தை மூடி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்தபோது ஊர்க் கோவிலுக்குக் கொண்டுவந்த பேரேடுகளில் ஒன்று இது. ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், பேர், தகப்பன் பேர், தாய் பேர், இருப்பிடம், தொழில், ஞானஸ்நானம் கொடுத்த தேதி, சாட்சிகள். பழைய எழுத்து. ‘வேலை’ என்று எழுதினால் ‘லை’க்குத் தும்பிக்கை போட்டிருக்கும். மகனுக்கு அது விளங்கவில்லை. தாத்தா அவன் விரலைப் பிடித்து மேசைமேல் அந்தத் தும்பிக்கையை வரைந்து காட்டினாராம். மறுநாள் வீட்டில் தங்கையிடம் அவன் பெருமையாக எழுதிக் காட்டினான்.

1917இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் என்று பள்ளியில் படித்திருக்கிறான். பாடத்தில் துரையின் பேர் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் காடுகளில் வெட்டினவர்கள், சுமந்தவர்கள் பேரை எல்லாம் இந்தப் பேரேட்டில்தான் பார்த்தான். வாசித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டான். அவன் கொள்ளுத்தாத்தாவின் பேர். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறான். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்பு வந்தவர்களில் ஒருவர். இருப்பிடம்: தோட்டத்தின் இரண்டாம் பிரிவு, அதாவது இரண்டாம் டிவிசன். தொழில்: பால்மர (ரப்பர்) வேலை. சாட்சிகள் இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்து, இன்னொருவர் கைநாட்டு.

தாத்தா ஒன்றும் பேசவில்லை. “எழுது தம்பி” என்றார், அவ்வளவுதான்.

சில சாயங்காலங்களுக்குப் பிறகு புதிய பேரேட்டுக்கு வந்தார்கள். அதில் அவன் பேரே இருந்தது. அதை வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. தாத்தா சொன்னது எனக்கு வெளியே நன்றாகக் கேட்டது: “ஆமா, அன்னிக்கு நல்ல மழை. மத்தப் பிள்ளைங்க எல்லாம் கத்துச்சு. நீ தண்ணி பட்டும் எந்திரிக்கல. தூங்கிட்டு இருந்த.”

கொஞ்ச நேரம் கழித்து மகன் கேட்டான், “தாத்தா, இதுலயும் நம்பர் போட்டிருக்கே?”

“அது பக்கம் தேடறதுக்கு. உன்னைக் கூப்பிடறதுக்கு இல்ல.”

அன்று ராத்திரி அவன் குளியலறையில் ரொம்ப நேரம் இருந்தான். வெளியே வந்தபோது மணிக்கட்டு சிவந்திருந்தது, தேய்த்துத் தேய்த்து. நான் ஒன்றும் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெயை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாளிலிருந்து ஒரே யோசனை எனக்கு. 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான் கிறிஸ்தவர்கள். நம் பிள்ளை வகுப்பில் தனியாகவோ இன்னொருவனோடோதான் உட்காருவான். தீபாவளிக்குப் புதுச்சட்டை இல்லையா என்று கேட்பார்கள், நெற்றியில் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்பார்கள். “நீ தமிழனா, வேதக்காரனா?” என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? 1715இலேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது, வேதம் நம் வீட்டில் தமிழ் பேசி முந்நூறு வருஷம் ஆகிவிட்டது என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? இந்தக் கேள்வியெல்லாம் கேட்காமல் தோளில் கைபோட்டு, “நீ நம்ம ஆளு” என்று சொல்கிறவன் தெருமுனையில் நிற்கிறான். பிள்ளை அங்கே போகிறது.

ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுக்கிறோம். கொடுக்கவேண்டியதுதான். ஆனால் “உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்” என்ற ஏசாயா வசனத்தை என் மகன் ஐந்து வயதிலேயே ஒப்பித்துப் பரிசு வாங்கினவன். அந்த வசனம் அவனுக்குள் இறங்கியது இப்போதுதான், கரையான் அரித்த நோட்டுக்கு முன்னால், அவன் ஞானஸ்நானத்தின்போது பெய்த மழையை ஞாபகம் வைத்திருக்கும் ஒரு மனுஷர் பக்கத்தில். மகதலேனா மரியாள் கல்லறைத் தோட்டத்தில் ஆண்டவரையே பார்த்தும் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். “மரியாளே” என்று அவர் கூப்பிட்ட பிறகுதான் கண் திறந்தது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. தன்னைத் தெரிந்த ஒருவர் கூப்பிடும்போதுதான் கூப்பிடுகிறவர் இன்னார் என்று விளங்குகிறது. தேவன் தன்னை அறிந்திருக்கிறார் என்று நம்புவதற்கு முன், சபையில் ஒருவராவது தன்னை அறிந்திருப்பதைப் பிள்ளை பார்க்கவேண்டும்.

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தல் முடிந்த மறுவாரமே நம் பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணோம். பதின்மூன்று, பதினான்கு வயது. அந்த வயதில்தான் தெருமுனை கூப்பிடுகிறது. அதனால் ஆண்டவருக்கு முன்பாக ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். எனக்குச் சுகமும் பலமும் இருக்கும்வரை சனிக்கிழமை சாயங்காலங்கள் அந்தப் பிள்ளைகளுக்குத்தான். போதகர் ஐயா பின்னறையைத் தந்திருக்கிறார். பேரேடுகளை நகல் எடுக்கும் வேலை இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது. அதைப் பிள்ளைகளே செய்யட்டும். ஒவ்வொருவனும் தன் வீட்டுப் பேரைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். எந்தச் சபையில், எந்தத் தண்ணீரில், யார் கையில் தான் பேர் பெற்றோம் என்று தெரிந்துகொள்ளட்டும். பேரேட்டில் குடும்பப் பேர் இல்லாத, புதிதாக விசுவாசத்துக்கு வந்த வீட்டுப் பிள்ளைகளும் வரவேண்டும். அவர்களுக்கு அந்த முதல் வரியை எழுதும் பாக்கியம் இருக்கிறது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரசங்கம் வேண்டாம். வந்து உட்காருங்கள். எந்த டிவிசனில் இருந்தீர்கள், சிற்றாலயத்தில் யார் மணி அடித்தார்கள், கிறிஸ்துமஸ் ராத்திரி பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் பாடிப்போனது எப்படி என்று சொல்லுங்கள். பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

என் மகனைக் கோவில் வாசலில் பார்த்தால் நடந்ததைப் பற்றிக் கேட்கவேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், பசியாறிவிட்டானா என்று கேளுங்கள். அவன் பதில் சொல்வான்.

சாவித் தாத்தா, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? கண் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தடவை போகும்போது பஸ்ஸில் போகவேண்டாம். என் வீட்டுக்காரர் காலையில் காரோடு வந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

நன்றியுடன்,
இரண்டாம் டிவிசன் குடும்பத்து மருமகள்