செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பேட்டன் நோய்க் குழந்தைகளுக்கான நம் சங்கம், குன்னூர்

தலைவர் அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் கோத்தகிரி, மஞ்சூர் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குழந்தைகளின் மூளை நரம்புகளைச் சிறிது சிறிதாக அழிக்கும் பேட்டன் என்ற பரம்பரை நோய்க்கான நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். பிப்ரவரி கடைசி நாளான அரிய நோய்கள் தினத்தன்று பெட்போர்டிலிருந்து பேருந்து நிலையம் வரை பேரணி போனோம்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நடத்திய கூட்டங்கள்தான் இந்த ஆண்டின் உருப்படியான வேலை. பேட்டன் நோயில் நாம் அதிகம் பேசும் சி.எல்.என்.2 வகை, 2 முதல் 4 வயதுக்குள் தலைகாட்டும். பேச்சு பின்தங்கும், வலிப்பு வரும். அப்புறம் நடை தடுமாறும், பார்வை மங்கும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பேச்சுத் தாமதத்தோடு வலிப்பும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். முதல்கட்டச் சோதனைக்கு அட்டையில் உலர்த்திய ரத்தத் துளி போதும், அதைத் தபாலிலேயே அனுப்பலாம் என்றதும் பலருக்கு ஆச்சரியம்.

ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் பாட்டி ஒருவர், "சொந்தத்துல கட்டினதாலயா?" என்று கேட்டார். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும். அசலில் கட்டியவர்களுக்கும் வரும். பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நோய். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. பழியை மருமகள் தலையில் மட்டும் போடுகிறவர்களுக்கு இதை உறுப்பினர்கள் கொஞ்சம் அழுத்தியே சொல்லலாம்.

பழக்கண்காட்சி சமயத்தில் சிம்ஸ் பூங்கா அருகே டீயும் வர்க்கியும் விற்றோம். மழையில் வர்க்கி நமுத்துப்போனது. மீந்ததை நாமே காசு கொடுத்து வாங்கித் தின்றோம். அதுவும் வரவில் இருக்கிறது.

அந்தப் பணத்தை ஆராய்ச்சிக்கு அனுப்புவதா, கோவைக்கும் பெங்களூருக்கும் அலையும் குடும்பங்களின் வழிச்செலவுக்குக் கொடுப்பதா என்று பெரிய வாக்குவாதம். 2017இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்ற சி.எல்.என்.2 மருந்து, இந்தக் குழந்தைகளிடம் குறைவாக இருக்கும் நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரே மூளைக்குள் திரவம் நிறைந்த அறையில் செலுத்துவது. நடையும் பேச்சும் போவதை மெதுவாக்கும், கண்ணைக் காப்பாற்றாது, மற்ற பேட்டன் வகைகளுக்கு உதவாது. ஆண்டுச் செலவு பல கோடி. மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையில் உதவியின் உச்சவரம்பே 50 லட்சம். "நம்ம டீக்காசு எந்த மூலைக்கு?" என்றார்கள். சரிதான். ஆனால் சி.எல்.என்.2 வகைக்குக் காரணமான மரபணுவை 1997இல் கண்டுபிடித்ததிலிருந்து, இதே குறைபாடுள்ள டாஷுண்ட் நாய்களில் சோதித்து, மருந்தாக வர 20 ஆண்டு ஆனது. மற்ற வகைகளுக்கும் யாராவது அதைச் செய்தாக வேண்டும். வழிச்செலவு போக மீதிதான் ஆராய்ச்சிக்கு என்று தீர்மானமானது. பாதியாவது ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்ற என் கருத்தும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

இணைச் செயலாளர் பதவி காலியாக உள்ளது. படுகு மொழியில் பேசத் தெரிந்தவர் வந்தால் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், கூட்டம் போட வசதி. சந்தா பாக்கியுள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.